சூனியமும் சோறும்

தமிழில் சூனியம் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ஊசி குத்திய எலுமிச்சம்பழம் ஒன்று முச்சந்தியில் கிடந்தால், "யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள்" என்று குழந்தைகளை அந்தப் பக்கம் போகவிட மாட்டார்கள். தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டவனைப் பார்த்து, "தனக்குத் தானே சூனியம் வைத்துக்கொண்டான்" என்பார்கள். ஆனால் ஒன்றுமில்லை என்ற அதே பொருள் கணக்குப் புத்தகத்தில் எண்ணாக வரும்போது அதற்குப் பெயர் பூஜ்யம். பூஜ்யம் என்றால் பூஜிக்கத் தக்கது. ஒன்றுமில்லாததற்கு இத்தனை மரியாதையான பெயர் வைத்த புண்ணியவானை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தச் சூனியத்துக்கு உலகம் சுற்றிய சரித்திரம் உண்டு. நம் நாட்டு 'சூன்ய' என்ற சொல்லைத்தான் அரபு நாட்டார் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அதுவே இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'ஸைபர்' என்றும் 'ஜீரோ' என்றும் இரண்டு உருவம் எடுத்தது. 1202-ல் பைஸா நகரத்து லியனார்டோ எழுதிய கணக்கு நூல் அதைப் பரப்பியது. முதலில் சற்றுத் தயங்கினாலும், வியாபாரத்துக்கு உதவும் என்று தெரிந்ததும் ஐரோப்பா அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டது. ஆனால் அறுநூறு வருஷங்கள் கழித்து அதே சூனியம், பௌத்த தத்துவமாக உருமாறி மறுபடி அவர்கள் வாசலில் வந்து நின்றபோது பயந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பயத்தைப் பற்றியும், சாத்திய கதவு பிறகு எப்படித் திறந்தது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. நான் தத்துவம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே கதைகளின் வழியாகத்தான் இதற்குள் நுழைய முடியும்.

1862-ல் துர்க்கனேவ் என்ற ரஷ்ய ஆசிரியர் 'தந்தையரும் தனயரும்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் பஸாரவ் என்று ஓர் இளைஞன் வருகிறான். வைத்தியம் படித்தவன். தவளைகளை அறுத்துப் பார்ப்பான். கலை, கவிதை, காதல், மதம், பெரியோர் வாக்கு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனுக்கு அந்த நாவலில் கொடுத்த பெயர் 'நிஹிலிஸ்ட்'. அந்தச் சொல் அதற்கு முன்பே இருந்தது என்றாலும் ஊர் ஊராகப் பரவியது அந்த நாவலுக்குப் பிறகுதான். எதற்கும் அடிப்படை இல்லை, எதிலும் சாரம் இல்லை என்கிற கொள்கைக்கு நிஹிலிஸம் என்று பெயர் நிலைத்தது.

துர்க்கனேவ் நல்ல கதைக்காரர். பஸாரவை வாதத்தில் யாரும் தோற்கடிப்பதில்லை. காதலை மறுத்தவன் ஒருத்தியிடம் மனம் பறிகொடுக்கிறான். பிறகு ஜுரத்தில் இறந்த ஒரு குடியானவனின் உடலை அறுக்கும்போது கையில் கீறல் பட்டு, அந்த விஷம் ஏறி இறந்துபோகிறான். கடைசிப் பக்கத்தில், வயோதிகமான அவன் தாயும் தந்தையும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு அவன் சமாதிக்கு வந்து அழுகிறார்கள். எதுவும் இல்லை என்றவனுக்காக இரண்டு கிழவர்கள் முழங்கால் மடித்து உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சிக்கு மேல் துர்க்கனேவ் ஒரு வாதமும் செய்யவில்லை. செய்திருந்தால் நாவல் கெட்டுப்போயிருக்கும்.

வாதத்தை முழுவதும் சொல்லிப் பார்த்தவர் ஜெர்மானியரான நீட்ஷே. 1882-ல் வெளியான நூல் ஒன்றில், பட்டப்பகலில் கையில் விளக்குடன் சந்தைக்கு ஓடிவரும் ஒரு பைத்தியக்காரனை அவர் படைத்தார். கடவுள் செத்துப்போனார், அவரைக் கொன்றவர்கள் நாம்தான் என்பது அவன் கொண்டுவரும் செய்தி. இதை நாஸ்திகனின் வெற்றி முழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால் அதில் வெற்றி இல்லை, திகில்தான் இருக்கிறது. சந்தையில் நிற்கும் நாஸ்திகர்கள் சிரிக்கிறார்கள். பைத்தியக்காரனுக்கு மட்டும் நடுக்கம் எடுக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தோமே, அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டோமே, இனி எல்லாம் எங்கே தொங்கும் என்பது அவன் கவலை.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர், "இது என்ன பெரிய விஷயம்? வாழ்வே மாயம் என்று நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லியாயிற்று" என்பார்கள். அது வேறு, இது வேறு. மாயம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லும்போது, அதற்குப் பின்னால் மாயம் அல்லாத ஒன்று இருக்கிறது என்பது தைரியம். திரை பொய்யானால் திரைக்குப் பின்னால் ஸ்வாமி இருக்கிறார். நிஹிலிஸம் திரையையும் விலக்கி, பின்னாலும் யாரும் இல்லை என்று காட்டுகிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். இஞ்ஜினீயரிங் படித்தவன், புத்திசாலி. பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 1,380 கோடி வருஷம் ஆகிறது என்பதையும், சூரியன் ஒருநாள் எரிந்து தீரும் என்பதையும் அவன் பஞ்சாங்கம் படிப்பது போலச் சாதாரணமாகச் சொல்வான். "இதில் நான் வேலைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன ஸார்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். அவன் நீட்ஷேயைப் படித்ததில்லை. படிக்காமலேயே அந்தச் சந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டான். விசனம் கூட அவன் குரலில் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஐரோப்பாவில் இந்தத் திகில் கருக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பௌத்த நூல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1844-ல் பர்னூஃப் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் இந்திய பௌத்தத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அவருக்குப் பின் வந்த ஸான்-திலேர் என்பவர், நிர்வாணம் என்பது முழு அழிவுதான், இது மனிதனுக்கு ஏற்ற மதமே அல்ல என்று கண்டித்துத் தீர்த்தார். தம் அறையில் புத்தர் சிலை வைத்துக்கொண்டிருந்த ஷோபன்ஹவர், வாழ்வைத் துறப்பதற்கு ஒரு துணையாக புத்தரைக் கொண்டாடினார். நீட்ஷேக்கு பௌத்தத்தின் மேல் மரியாதை உண்டு. கிறிஸ்தவத்தைவிட எத்தனையோ மடங்கு யதார்த்தமானது என்று மெச்சினார். ஆனாலும் அது களைத்துப்போனவர்களின் மதம், ஆசையை அவித்து ஓய்ந்துபோவதற்கு வழி சொல்லும் மதம் என்பது அவர் தீர்ப்பு. மெச்சியவரும் வைதவரும் ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். தங்கள் வீட்டில் இருந்த இருட்டை எங்கோ கீழ்த்திசையில் இருப்பதாக எண்ணிப் பயந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் வெறும் படிப்பு ருசிக்காகத் தேடிப் போகவில்லை. என் முப்பத்தெட்டாம் வயதில் அம்மா காலமானாள். மூத்த மகன் என்ற முறையில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நின்றபோது, காக்கையும் வந்தது, சோற்றையும் எடுத்தது. எனக்குள் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் என்றால் அழுது தீர்த்திருப்பேன். இது துக்கம் இல்லை. உப்பில்லாத சாப்பாட்டைப் போல நாள் முழுவதும் இருந்தது. பாதியில் நின்ற நாவல் ஒன்று மேஜைமேல் கிடந்தது. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன என்று தோன்றிய பிறகு ஒரு கதைக்காரன் பேனாவை எடுப்பது எப்படி? ஏழெட்டு மாதம் எடுக்கவில்லை.

அப்போது வந்தவர்கள் எல்லோரும் எனக்கு நல்லதைத்தான் சொன்னார்கள். ஆத்மாவுக்கு அழிவில்லை என்றார் ஒருவர். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றார் இன்னொருவர். வேலையில் மனத்தைச் செலுத்து என்றார் மூன்றாமவர். நம்பிக்கை இருக்கிறவனுக்கு முதல் வார்த்தை போதும். பொறுமை இருக்கிறவனுக்கு இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்குக் குடைச்சலாக இருந்தது. எந்த வேலையில் செலுத்துவது, எதற்காக என்பதுதானே கேள்வி? அந்த மாதங்களில்தான் யாரோ படித்துவிட்டுப் போட்டிருந்த பழைய புத்தகம் ஒன்றில் மிலிந்தனின் கதையை மறுபடி படித்தேன்.

மிலிந்தன் என்பவன் மினாண்டர் என்ற கிரேக்க அரசன். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்ஷுவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் ஒரு பாலி நூலாக இருக்கிறது. மேல்நாட்டான் ஒருவன் பௌத்தனிடம் சூனியத்தைப் பற்றிக் கேட்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாக ஆரம்பித்த காரியம் அல்ல. நாகசேனர் என்று ஒரு ஆசாமி உண்மையில் கிடையாது, அது ஒரு பெயர்தான் என்கிறார் பிக்ஷு. அரசன் விடவில்லை. அப்படியானால் என்னோடு பேசுவது யார் என்று மடக்குகிறான். நீ எதில் ஏறி வந்தாய் என்று பிக்ஷு திருப்பிக் கேட்கிறார். ரதத்தில் வந்தேன் என்கிறான். ரதம் எது? சக்கரமா, அச்சா, நுகத்தடியா, தட்டா? ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லி வந்த அரசன், இவற்றை எல்லாம் சார்ந்துதான் ரதம் என்று பெயர் ஏற்படுகிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்.

பள்ளிக்கூடத்து நாட்களில் இதைக் கெட்டிக்காரத்தனமான விடுகதை என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தடவை அப்படி இல்லை. ரதம் இல்லை என்று பிக்ஷு சொல்லவில்லை. அரசன் அதில்தானே ஏறி வந்தான்? அதில்தானே திரும்பிப் போவான்? தன்னந்தனியாக, எதையும் சாராமல், ரதம் என்று உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு வஸ்து இல்லை என்றுதான் சொன்னார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் அத்தனை நாளும் அம்மா என்ற அந்தத் தனி வஸ்துவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். போட்டோவில் இல்லை, புடவைப் பெட்டியில் இல்லை, மந்திரத்தில் இல்லை. தேடிய இடத்தில் இல்லாமற்போகவே, ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் என் தங்கை ரசத்துக்கு உப்புப் போடுகையில் மூன்று விரலால் எடுத்து, ஒரு சிட்டிகையைத் திரும்ப ஜாடியில் உதறுவாள். அது அம்மாவின் கை. நான் கதையில் ஒரு பொல்லாத மாமியாரை எழுதும்போதெல்லாம் கடைசியில் அவளுக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடுகிறேன். அது அம்மாவின் குணம். அவள் உயிரோடிருந்தபோதும் இப்படித்தான் பலரிடமிருந்து வாங்கியும் பலருக்குக் கொடுத்தும் இருந்தாள். இதனால் அவள் திரும்பி வந்துவிடவில்லை. ஆறுதல் என்றுகூட இதைச் சொல்ல மாட்டேன். கேள்வி மாறிற்று, அவ்வளவுதான்.

நாகசேனர் ரதத்தைப் பற்றிச் சொன்னதை உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருத்திக் காட்டியவர் நாகார்ஜுனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். தெற்கே ஆந்திர தேசத்தோடு அவரைச் சேர்த்துச் சொல்வது மரபு. ஒரு பொருள் பிறவற்றைச் சார்ந்து தோன்றுகிறது என்றால், அதற்கென்று சொந்தமான, மாறாத ஸ்வபாவம் கிடையாது. ஸ்வபாவம் கிடையாது என்பதைத்தான் அவர் சூனியம் என்கிறார். சார்ந்து தோன்றுவதும் சூனியமும் அவருக்கு ஒன்றேதான். அதோடு அவர் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்வபாவம் இருந்தால் உலகத்தில் எதுவும் மாற முடியாது. விதை முளைக்காது, நோய் தீராது, மூடன் அறிவு பெற மாட்டான் என்று திருப்பி அடிக்கிறார். சூனியமாக இருப்பதால்தான் எதுவும் நடக்கிறது. ஓர் எண்ணுக்கு முன் ஒன்றுமில்லாத வெறும் பூஜ்யம் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றால் பத்தாகிற மாதிரி.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தப்பாகப் பிடித்த பாம்பு பிடித்தவனையே கடிப்பது போல, தப்பாகக் கொண்ட சூனியம் மந்த புத்திக்காரனை நாசமாக்கும் என்று நாகார்ஜுனரே எச்சரித்திருக்கிறார். சூனியத்தையே ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொண்டவனுக்கு மருந்தே கிடையாது என்பதும் அவர் கட்சி. அவருக்கு உரை எழுதிய சந்திரகீர்த்தி இதற்கு ஒரு கடைக்காரன் உதாரணம் காட்டுகிறார். "உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை" என்று கடைக்காரன் சொல்ல, வாங்க வந்தவன், "சரி, அந்த ஒன்றும் இல்லாததையே கொடு" என்று கையை நீட்டினானாம். இவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? ஐரோப்பியப் பண்டிதர்கள் செய்ததும் இதுதான். ஒன்றுமில்லாததையே ஒரு சரக்காகக் கட்டி வாங்கிக்கொண்டு போய், அது கனக்கிறது என்று புலம்பினார்கள்.

சாத்திய கதவைத் திறந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு ஜப்பானியர். நிஷிதானி கெய்ஜி என்று பெயர். 1900-ல், நீட்ஷே இறந்த அதே வருஷம் பிறந்தவர். பால்யத்தில் தகப்பனார் காச நோயில் போய்விட்டார். அந்த நோயின் பயம் இவரையும் பிடித்தது. வாழ்வில் நம்பிக்கை இழந்த அந்த இளமையில் நீட்ஷேயையும் டாஸ்டாவ்ஸ்கியையும் விடாமல் படித்தார். கியோட்டோவில் தத்துவம் பயின்று, 1937 முதல் 1939 வரை ஜெர்மனியில் ஹைடெக்கரிடம் இருந்துவிட்டு வந்தார். இன்னொரு பக்கம், கியோட்டோ மடாலயம் ஒன்றில் ஸென் தியானமும் பழகினார். 1949-ல் நிஹிலிஸத்தைப் பற்றி ஒரு நூல், 1961-ல் 'மதம் என்றால் என்ன?' என்று ஒரு நூல். பின்னது 1982-ல் இங்கிலீஷில் வந்தது. கடினமான புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு காப்பி என்ற கணக்கில்தான் என்னால் படிக்க முடிந்தது.

மதத்தால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பதே சரியில்லை என்பது நிஷிதானியின் ஆரம்பம். எல்லாவற்றையும் பார்த்து, இது எனக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டே போகிற மனிதன், ஒருநாள் நான் எதற்கு என்று கேட்க நேர்கிறது. அப்போது காலடியில் பள்ளம் திறக்கிறது. அதுவே நிஹிலிஸம். அதைப் பார்த்துவிட்டுப் பழைய நம்பிக்கைக்கு ஓடித் திரும்புவது முடியாது. பார்த்ததைப் பார்க்காததாக்க யாராலும் ஆகாது. ஆனால் நிஹிலிஸ்டும் பாதி வழியில்தான் நின்றுவிட்டான் என்கிறார் அவர். எல்லாவற்றுக்கும் சாரம் இல்லை என்று கண்டவன், அதைக் காண்கிற 'நான்' என்பதை மட்டும் பள்ளத்தின் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறான். ஒன்றுமில்லாமை எதிரே ஒரு காட்சியாகத் தெரிகிறது; அதனால்தான் பயம். சந்தேகம் சந்தேகிக்கிறவனையும் விழுங்க வேண்டும். அப்படி விழுங்கிய பிறகு கரையும் இல்லை, பள்ளமும் இல்லை. மலை மலையாகவும் சோறு சோறாகவும், முன்னைவிட நெருக்கமாக, வந்து நிற்கின்றன. அந்த இடத்துக்கு அவர் இட்ட பெயர் சூனியம்.

இது எனக்குப் புரிந்தது ஒரு பிரெஞ்சு நாவலால்தான். ஸார்த்ர் 1938-ல் எழுதிய 'குமட்டல்' என்ற நாவலில், ரொகான்தன் என்பவன் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அதன் வேரைப் பார்க்கிறான். வேர் என்ற சொல் திடீரென்று கழன்று விழுகிறது. பெயரும் காரணமும் உபயோகமும் இல்லாத ஏதோ ஒரு கறுத்த பிண்டம் அங்கே கிடக்கிறது. அவனுக்குக் குமட்டுகிறது. நாகார்ஜுனரின் சீடன் அதே மரத்தடியில் உட்கார்ந்தாலும், வேர் என்ற பெயர் வெறும் பெயர்தான் என்று ஒப்புக்கொள்வான். ஆனால் அவனுக்கு அங்கே தெரிவது தனியாகக் கிடக்கும் பிண்டம் அல்ல. மண்ணும் மழையும் வெயிலும் போன வருஷத்து இலையும் முடிச்சுப் போட்டுக்கொண்ட ஓர் இடம். பார்த்துக்கொண்டிருக்கிற தானும் அதே விதமான இன்னொரு முடிச்சு. குமட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை. ரொகான்தன் அந்த ஊரில் சிநேகிதன் இல்லாதவன், குடும்பம் இல்லாதவன் என்று ஸார்த்ர் ஏன் கதையை அமைத்தார் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. தனியனுக்குத்தான் வேரும் தனியாகத் தெரியும்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இராது. 1941 நவம்பரிலும் அடுத்த வருஷமும், ஜப்பான் யுத்தத்தில் இறங்கிய சமயத்தில், கியோட்டோ தத்துவாசிரியர்கள் சிலர் ஒரு பத்திரிகைக்காகக் கூடிப் பேசினார்கள். தங்கள் தேசத்தின் யுத்தத்துக்கு உலக சரித்திரத்தில் உயர்ந்த அர்த்தம் ஒன்றைக் கற்பித்தார்கள். அவர்களில் நிஷிதானியும் ஒருவர். யுத்தம் முடிந்தபின் 1947-ல் அவரை வேலையிலிருந்து விலக்கினார்கள். 1952-ல்தான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 'நான்' என்பதைக் கரைக்கத் தெரிந்த ஒருவருக்கு, 'நம் தேசம்' என்பதைக் கரைக்கத் தெரியாமற்போயிற்றே! அந்தப் பேச்சுகளைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சூனியம் நிஹிலிஸத்துக்கு மருந்து என்றால், அந்த மருந்தைச் சாப்பிட்டவர் பிறத்தியார் வீட்டு நெருப்புக்கு எப்படி வேதாந்தம் சொன்னார்?

இதற்கு விடையை நான் கியோட்டோவில் தேடவில்லை. அது நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது. தமிழில் நமக்கு முழுதாக மிஞ்சியிருக்கும் பௌத்த காவியம் மணிமேகலை ஒன்றுதான். 1898-ல் சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது, கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் பௌத்தர்களே இல்லை. பௌத்த நூல்களையும் அவற்றைக் கற்ற அறிஞர்களையும் தேடிப் போய்ச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் நாம் மறந்திருந்தோம். மணிமேகலையில் நாகார்ஜுனரின் சூனியவாதம் இல்லை. ஆனால் அதற்கு வேரான கொள்கை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிற பன்னிரண்டு கண்ணிகள், கடைசிக் காதையில் முறையாக இருக்கிறது. அதற்கு அந்தக் காவியம் வழங்கும் தமிழ்ச் சொல் 'சார்பு'.

இந்தச் சொல்லைக் கண்டபோது எனக்குப் புதையல் கிடைத்தது போல இருந்தது. ஷெர்பாட்ஸ்கி என்ற ரஷ்யப் பண்டிதர் 1927-ல் வெளியிட்ட நூலில் சூனியதையை 'ரிலேட்டிவிட்டி' என்று இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். ஐன்ஸ்டைனின் ரிலேட்டிவிட்டியைத் தமிழில் இன்று நாம் சார்பியல் என்கிறோம். சுற்றிச் சுற்றி அதே சொல்லுக்குத்தான் வந்து சேர்கிறோம். சூனியம் என்றால் எலுமிச்சம்பழம் ஞாபகம் வருகிறவர்கள், அதற்குப் பதிலாகச் சார்பு என்று சொல்லிப் பார்க்கலாம். 'எல்லாம் சூனியம்' என்றால் வயிற்றைக் கலக்குகிறது. 'எல்லாம் சார்பு' என்றால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயந்தான்.

சொல்லைவிடப் பெரிய விஷயம் அந்தக் காவியத்தின் பாத்திரம். அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது என்று எல்லோருக்கும் தெரியும். அது முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது. கப்பல் அவனை ஆளில்லாத மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கையில் வற்றாத பாத்திரம். ஆனால் வாங்கிச் சாப்பிட எதிரே ஓர் உயிரும் இல்லை. பல உயிரைக் காத்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் மட்டும் உண்டு பிழைப்பதா என்று அதைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான். பிறகு அது மணிமேகலை கைக்கு வருகிறது. வந்த உடனே சோறு சுரக்கவில்லை. முதல் பிச்சையை ஒரு நல்லவள் இடவேண்டும். ஆதிரை என்ற இல்லாள் உலகத்தின் பசி தீரட்டும் என்று இட்ட பிறகே சுரக்கிறது. இடுகிறவள் இல்லாமலும் வாங்குகிறவன் இல்லாமலும் அந்த அற்புதப் பாத்திரம் வெறும் ஓடு. சார்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தத் தத்துவ நூலிலும் பார்த்ததில்லை.

காவியத்தின் வரிசையையும் கவனிக்க வேண்டும். வஞ்சியில் மணிமேகலை எல்லாச் சமயவாதிகளின் தர்க்கத்தையும் கேட்கிறாள். அது அவளுக்குப் போதவில்லை. பிறகு மழையின்றி வாடிக்கிடந்த காஞ்சிக்குப் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அதற்குப் பிறகுதான் அறவண அடிகள் அவளுக்குச் சார்பின் தத்துவத்தை உபதேசிக்கிறார். சோறு முன்னால், சூனியம் பின்னால். சாத்தனார் வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தார் என்று ஒரு கதைக்காரனாக என்னால் சொல்ல முடியும். யுத்தத்துக்கு அர்த்தம் கற்பித்த அந்த மேஜையைச் சுற்றிப் பசித்தவன் ஒருவனும் உட்காரவில்லை. சூனியத்தின் ஞானம் எவ்வளவு உயர்ந்ததானாலும், எதிரே ஒரு பசித்த முகம் இல்லாவிட்டால் அதுவும் ஒரு ஸ்வபாவத்தைச் சம்பாதித்துக்கொண்டு இறுகிப்போகும் போலிருக்கிறது. பௌத்தர்கள் சூனியத்தையும் கருணையையும் எப்போதும் சேர்த்தே சொல்வது இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் நீட்ஷேயின் பைத்தியக்காரனுக்கு நாம் என்ன பதில் சொல்வது? பிடுங்கிய ஆணியை மறுபடி அடித்துத் தருகிறேன் என்று சூனியம் சொல்லவில்லை. எதுவும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததில்லை, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்கிறது. பஸாரவின் சமாதியில் அந்த இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது போல. இதை ஒப்புக்கொள்வதற்கு ஸ்வாமி உண்டு என்று நம்பவும் வேண்டாம், இல்லை என்று சத்தியம் செய்யவும் வேண்டாம்.

இந்தப் பதிலுக்கு எட்டாதவை உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் எல்லாம் சார்பு என்று நான் சொல்ல மாட்டேன்; சொல்கிறவனை மன்னிக்கவும் மாட்டேன். அநியாயம் நடக்கிற இடத்தில் இது வாயை மூடுவதற்குச் சாக்காகவும் ஆகலாம், ஆகியிருக்கிறது. எங்கள் தெருப் பையனுக்கும் நான் நாகார்ஜுனரை எடுத்துச் சொல்லவில்லை. 1,380 கோடி வருஷக் கணக்கை மறுக்க என்னிடம் சரக்கு ஏது? இரவு நேரத்தில் வரும் பஸ்ஸில் இறங்கும் அவன் தங்கையை அழைத்துவர அவன் தவறாமல் போய் நிற்பதை மட்டும் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். "அது வேற ஸார்" என்றான். வேறு இல்லை என்று நினைக்கிறேன். அவன் யோசிக்கட்டும்.

என் மட்டில், மேஜைமேல் கிடந்த நாவலை எடுத்து முடித்தேன். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்று. ஏன் என்று கேட்டால் பிரபஞ்சத்தில் அதற்கு ஒரு காரணமும் இல்லை. அவளுக்காக ஒரு தகப்பன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காரணம் போதுமாக இருந்தது. சூனியம் நமக்காகச் செய்யக்கூடியது பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவி வைப்பது வரைதான். அதில் சோறு இடுவது ஆதிரையின் வேலை. எடுத்துப் பரிமாறுவது மணிமேகலையின் வேலை. அவை இன்னும் நம் வேலைகளாகவே இருக்கின்றன.